செத்த புழு சாட்சியாகாது

சத்தியவேட்டைச் சுற்றியுள்ள செம்மண் கொல்லைகளில் மானாவாரியாக மணிலா என்னும் நிலக்கடலையைப் பயிரிட்டுப் பிழைக்கும் குடியானவர்களிடமும், அவர்களுக்கு உரமும் மருந்தும் கடனுக்குக் கொடுத்து அறுவடையில் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் வியாபாரிகளிடமும், இவ்விரு சாராருக்கும் புத்தி சொல்லும் பொறுப்பை ஏற்றிருக்கும் உத்தியோகஸ்தர்களில் பலரிடமும் வேர்ப்புழுவைப் பற்றிப் பேச்செடுத்தால், வேறெந்த விஷயத்திலும் காணாத ஒற்றுமையோடு மூன்று தரப்பாரும் ஒரே அபிப்பிராயத்தை வெளியிடக் கேட்கலாம். விதைக்கும்போதே குருணை மருந்தைச் சாலில் தூவிவிட்டால் காரியம் முடிந்தது. புழு இருந்தால் சாகும், இல்லாவிட்டால் நமக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மருந்து வேலை செய்ததா என்ற சந்தேகம் எழுந்தால் மண்ணைக் கிளறிப் பார்த்தால் போதும், செத்த புழுவே பதில் சொல்லிவிடும் என்பதே அந்த அபிப்பிராயம். மருந்திடாத பாத்தி ஒன்றை வேண்டுமென்றே விட்டுவைத்து, அதோடு ஒப்பிட்டு நிறுத்துப் பார்க்கும் பரீட்சையெல்லாம் சம்பளம் வாங்குகிற விஞ்ஞானிகளுக்கு ஏற்ற பொழுதுபோக்கே தவிர, வயிற்றுக்கு உழுகிறவனுக்கு ஏற்றதல்ல என்பது அதன் வால். தலை முதல் வால் வரை இந்த அபிப்பிராயம் பிழையானது என்பது என் கட்சி.

மருந்தை விசாரிப்பதற்கு முன் புழுவை விசாரிப்பது முறை. கோடை மழை முதன்முதலாக மண்ணை நன்றாக நனைத்த நாளின் மாலையில், விளக்கு வைக்கும் நேரத்திற்குச் சற்றுப் பிறகு, கொல்லையோரத்து வேப்பமரத்தடியில் போய் நின்றால், மழை விட்ட பிறகும் மழை பெய்வதுபோன்ற ஓர் இரைச்சல் தலைக்கு மேலே கேட்கும். மாதக்கணக்காக மண்ணுக்குள் அடங்கிக் கிடந்த பழுப்பு வண்டுகள் துளைத்துக்கொண்டு மேலே வந்து, வேம்பிலும் இலந்தையிலும் கருவேலிலும் மொய்த்து, இணைந்து, இலையைத் தின்று, விடிவதற்குள் மறுபடி மண்ணுக்குள் போய்விடுகின்றன. பெண் வண்டு வெகுதூரம் அலைவதில்லை. பெரும்பாலும் மரத்தைச் சார்ந்த மண்ணிலேயே முட்டையிடுகிறது. பத்து நாள் போல முட்டை பொரிந்து வெளிவரும் புழு, முதலில் மக்கிய பொருளையும் மயிரிழை போன்ற சல்லிவேர்களையும் தின்று, இரண்டு முறை தோலுரித்து, மூன்றாம் பருவத்தை அடைந்த பிறகுதான் ஆணிவேரில் வாய் வைக்கிறது. அந்நிலையில் வாடிய மணிலாச் செடியைப் பிடித்து இழுத்தால் அது சிறிதும் அடம் பிடிக்காமல் கையோடு வந்துவிடும். வேர் இருக்க வேண்டிய இடத்தில் கத்தியால் சீவிய ஈர்க்குபோல ஒரு முனை மட்டும் இருக்கும். அதன் கீழே ஒரு சாண் தோண்டினால், பிறைபோல் வளைந்து, செம்பழுப்புத் தலையும், தின்ற மண் தோலுக்கு வெளியே கருநீலமாய்த் தெரியும் பின்புறமுமாகப் புழு படுத்திருக்கும். வருஷத்திற்கு ஒரே தலைமுறைதான் என்பது ஒன்றே இதில் நமக்கு ஆறுதல்.

புழு என்று ஒருமையில் சொன்னாலும் அது ஒன்றல்ல. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மணற்பாங்கான நிலத்து மணிலாவை அழிப்பது ஹோலோட்ரைக்கியா கன்சாங்குனியா. தென்னாட்டுக் கரும்புக் கொல்லைகளில் பேர்போனது அதே குலத்தைச் சேர்ந்த செர்ராட்டா. 1990-களின் நடுவில் பட்டான்செருவிலுள்ள இக்ரிசாட் நிறுவனத்தார் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளோடு சேர்ந்து தென்னிந்திய மணிலாக் கொல்லைகளைத் தோண்டிப் பார்த்தபோது, தக்காணத்தில் பெருவாரியாக அகப்பட்டது ரெய்னாடி என்னும் மூன்றாவது இனம். புழுவின் கடைசிக் கணுவுக்கு அடியிலுள்ள மயிர்களின் வரிசையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துத்தான் இவற்றைப் பிரித்தறிய வேண்டும். ஜெய்ப்பூர் மணலில் ஒரு புழுவை வென்ற மருந்து சத்தியவேட்டுச் செம்மண்ணில் மற்றொரு புழுவை வெல்லும் என்பதற்கு என்ன பிரமாணம்? "ஆராய்ச்சி நிலையத்தார் எல்லாம் பார்த்துத்தானே சிபார்சு செய்கிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு இது முதற்பதில். இந்த வட்டாரத்திற்கு மட்டும் இரண்டாவது பதில் ஒன்றும் உண்டு. எல்லைத் தகராறில் படாஸ்கர் வழங்கிய தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்திற்கும் சத்தியவேடு ஆந்திரத்திற்கும் கைமாறின. அதுமுதல் இங்குள்ள தமிழ்க் குடியானவருக்குச் சர்க்கார் துண்டுப் பிரசுரம் தெலுங்கில் வருகிறது. மருந்தோ, எல்லைக்கு அப்பாலுள்ள ஊத்துக்கோட்டைக் கடைவீதியில் தமிழில் கிடைக்கிறது. 2022-இல் ஜில்லா சித்தூரிலிருந்து திருப்பதிக்கு மாறியதும் இந்த நிலையை மாற்றவில்லை. எந்தச் சிபார்சு எந்த மண்ணில் எந்தப் புழுவைக் கருதி எழுதப்பட்டது என்பது கடைக்காரரின் வாய்க்கும் குடியானவரின் காதுக்கும் இடையில் எங்கோ உதிர்ந்துபோகிறது.

சில வருஷங்களுக்கு முன் சத்தியவேட்டிலிருந்து நாகலாபுரம் போகும் வழியில், ஒரு மருந்துக் கம்பெனியார் நடத்திய செயல்விளக்கத் திடலைப் பார்க்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பந்தல், மோர், தொப்பி எல்லாம் இருந்தன. மருந்திட்ட பகுதி பசேலென்று நின்றது. இடாத பகுதியில் செடிகள் திட்டுத்திட்டாக வாடிக் கிடந்தன. வந்திருந்த இளைஞர் மருந்திட்ட பகுதியில் மண்ணைக் கிளறி, ஐந்தாறு புழுக்களை எடுத்து உள்ளங்கையில் வைத்து, சாமி பிரசாதம்போல எல்லாருக்கும் காட்டிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில் நின்ற பெரியவர், "ஏம்பா, கை நெறைய செத்துக் கெடக்குது, இதுக்கு மேல என்னா கணக்கு வேணும்?" என்றார்.

நான் பார்த்தவை இரண்டு. மருந்திடாத பகுதி கொல்லையின் மேற்கு ஓரத்தில், மூன்று பெரிய வேப்பமரங்களின் காலடியில் இருந்தது; மருந்திட்ட பகுதி அங்கிருந்து கிழக்கே, மரமே இல்லாத திறந்த வெளியில் இருந்தது. வண்டு எங்கே முட்டையிடும் என்று அறிந்தவர் எவரும், அந்தக் கொல்லையில் ஒரு குருணையும் தூவாமலே மேற்கில் வாடலும் கிழக்கில் பசுமையும் இருந்திருக்கும் என்பதை எளிதில் ஊகிக்கலாம். யாரும் வஞ்சனையாக அப்படி ஏற்பாடு செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வண்டி நிறுத்த வசதியான பக்கத்தில் மருந்துப் பகுதியை வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். இரண்டாவதாக, அந்த உள்ளங்கையில் இருந்த புழுக்களில் இரண்டு கறுத்து நைந்திருந்தன. மற்றொன்றோ சுண்ணாம்புக் குச்சிபோல விறைத்து, அதன்மேல் பாசிபோன்ற பச்சைப் பொடி படர்ந்திருந்தது. அது மருந்தால் செத்த புழுவின் லட்சணமல்ல. மெட்டாரைசியம் என்னும் பூஞ்சாணம் தின்ற புழுவின் லட்சணம். 1879-இல் ஒடெசா நகரத்தில் மெச்னிகாஃப் என்னும் விஞ்ஞானி, கோதுமைப் பயிரை அழித்த வண்டின் புழுக்களைக் கொல்லப் பரீட்சித்துப் பார்த்த அதே பூஞ்சாணம், அன்று கம்பெனியின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறியும். வடமொழித் தருக்கநூலார் அதற்குக் காகதாலீய நியாயம் என்று பெயர் வைத்தார்கள். ஆனால் பழமொழியாக அறிந்ததை மருந்துக் கடையில் மறந்துவிடுகிறோம். அனுமானம் நிற்பதற்கு இரண்டு கால் வேண்டும் என்பது நம் தருக்கத்தின் பால பாடம். புகையுள்ள அடுக்களையில் நெருப்பிருக்கக் கண்டது ஒரு கால். நெருப்பில்லாத மடுவில் புகையில்லாமை கண்டது மறு கால். முன்னதை அந்வயம் என்றும் பின்னதை வியதிரேகம் என்றும் சொல்வார்கள். காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் 29-ஆம் காதையில் இவ்விரு சொற்களும் அன்னுவயம், வெதிரேகம் என்று தமிழுடுத்து வருகின்றன. மருந்திட்ட இடத்தில் புழு செத்தது என்பது அந்வயம் மட்டுமே. மருந்திடாத இடத்தில் புழு சாகவில்லை என்று காட்டும் வரை அந்த அனுமானம் நொண்டிதான். மருந்திடாத பாத்தி என்பது மேல்நாட்டார் நம் தலையில் கட்டிய ஆடம்பரம் என்று நினைப்பவர்கள், அதன் தருக்கம் இந்தக் கொல்லையிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே நூற்றாண்டுகளுக்கு முன் ஓதப்பட்டது என்பதை நினைவில் வைப்பது நல்லது.

மேல்நாட்டார் இதில் செய்த காரியம் அத்தருக்கத்தை எண்ணாக மாற்றியது. 1925-இல் அமெரிக்கரான ஆபட், தாமாகச் சாகும் பூச்சிகளை மருந்தின் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு சிறிய சூத்திரம் எழுதினார். மருந்திடாத பாத்தியில் உயிரோடிருக்கும் புழுக்களின் தொகையிலிருந்து, மருந்திட்ட பாத்தியில் உயிரோடிருப்பவற்றின் தொகையைக் கழித்து, மிச்சத்தை முன்னதால் வகுத்தால் வருவதே மருந்தின் பயன். அதாவது அவர் செத்த புழுவை எண்ணவே இல்லை. மண்ணுக்குள் செத்த புழு இரண்டொரு நாளில் நைந்து மறைகிறது. எறும்பு தூக்கிப் போகிறது. மண் காய்ந்தால் உயிருள்ள புழுவோ ஈரத்தைத் தேடி மண்வெட்டிக்கு எட்டாத ஆழத்திற்கு இறங்கிவிடுகிறது. ஆகையால் மேலே கிளறிப் பார்த்து எண்ணுகிறவர், சாட்சி சொல்ல வராதவர்களை விட்டுவிட்டு, வந்தவர்களை மட்டும் விசாரித்துத் தீர்ப்பெழுதும் நீதிபதியை ஒத்தவர். மருந்திடாத பாத்தியில் பத்துப் புழுவும் மருந்திட்டதில் எட்டும் உயிரோடிருந்தால், எத்தனை செத்த புழுவைக் காட்டினாலும் மருந்தின் பயன் நூற்றுக்கு இருபதுதான்.

ஆபட்டின் சூத்திரத்தாலும் வேப்பமரத்தின் தொல்லை தீரவில்லை. அதைத் தீர்த்தவர் புள்ளியியல் நிபுணரான ஃபிஷர். 1919-இல் இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த அவர், ஒரு வயலுக்குள்ளேயே மண் இடத்திற்கு இடம் வேறுபடுவதால், ஒரே ஒரு பாத்தியை மற்றொரு பாத்தியோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை என்று கண்டார். ஒத்த தன்மையுள்ள இடங்களை ஒரு தொகுதியாக்கு. ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எந்தப் பாத்திக்கு மருந்து என்பதை உன் விருப்பத்திற்கு விடாமல் சீட்டுக் குலுக்கித் தீர்மானி. தொகுதிகளைப் பலவாக்கு என்பதே அவர் சொன்ன பரிகாரம். 1935-இல் வெளியிட்ட பரிசோதனை அமைப்பைப் பற்றிய நூலில் அவர் ஒரு தேநீர்க் கதை சொல்கிறார். பாலை முதலில் ஊற்றினார்களா தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்வேன் என்கிறாள் ஒரு சீமாட்டி. எட்டுக் கோப்பைகளை வரிசை குலைத்து வைத்தால் அவள் குருட்டாம்போக்கில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்வது எழுபதில் ஒரு தடவைதான் நேரும் என்று கணக்குப் போடுகிறார் அவர். நம் நாட்டில் பான்சேயும் சுகாத்மேயும் 1954-இல் வேளாண் ஊழியர்களுக்கென்றே இந்தக் கணிதத்தை எழுதிவைத்தார்கள். வேளாண் கல்லூரியில் அதைப் பாடமாகப் படித்துத் தேறியவர்கள்தாம் அன்று பந்தலில் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். நானும் அவர்களில் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேர் தின்னும் வண்டுப் புழுவுக்காக மண்ணில் மருந்திட்டுப் பார்த்தவர்களில் முன் நிற்பவர்கள் அமெரிக்காவின் மக்காச்சோள வட்டாரத்தார். அங்கே பகை டயாப்ரோட்டிக்கா என்னும் வேறு குலத்து வண்டு. நல்லவேளையாக நம் மண்ணுக்கு இன்னும் வரவில்லை. அது கோடை இறுதியில் மக்காச்சோளக் கொல்லையிலேயே முட்டையிட்டு, அடுத்த வருஷம் அதே கொல்லையில் மீண்டும் மக்காச்சோளம் போட்டால், ஜூன் வாக்கில் பொரிந்து வேரைத் தின்கிறது. அதன்மேல் மருந்தைப் பரீட்சிக்க விரும்புகிறவர்கள் முந்திய வருஷமே வேலையைத் தொடங்குகிறார்கள். பருவம் தப்பி மக்காச்சோளத்தைப் பூசணிக் கொடியோடு சேர்த்து விதைத்து, சுற்றுவட்டத்து வண்டுகளையெல்லாம் விருந்துக்கு அழைத்து, நிலம் முழுவதும் முட்டை நிறையச் செய்து, அதன் பிறகே மறு வருஷம் பாத்தி பிரித்து மருந்திடுகிறார்கள். புழு இல்லாத இடத்தில் மருந்தைப் பரீட்சித்து வெற்றி முழக்குவது அவர்களுக்கு வெட்கக்கேடு. ஜூலையில் ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் சில செடிகளைத் தூரோடு தோண்டி, வேரை நீரில் அலசி, கணுக் கணுவாகப் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள்: தீண்டப்படாத வேருக்கு 0, ஒரு கணுவின் வேர்கள் முழுவதும் தின்னப்பட்டிருந்தால் 1, மூன்று கணுக்களும் போயிருந்தால் 3. அதிலும் திருப்தியடையாமல் அறுவடையில் தானியத்தை நிறுக்கிறார்கள். ஏனெனில் மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அரிக்கப்பட்ட தூர் புதுவேர் விட்டுப் பிழைத்துக்கொள்வதும், வறண்ட ஆண்டில் சிறு காயமே பயிரைச் சாய்ப்பதும் உண்டு. வேரைக் காத்த மருந்தெல்லாம் விளைச்சலைக் காத்ததாகாது.

இவ்வளவு சிரமப்பட்டதால் அவர்களுக்குக் கிடைத்த ஞானம் என்ன? அதில் ஒன்று, நம் குருணை அபிப்பிராயத்தின் அடிப்படையையே ஆட்டுவது. விதைப்பில் சாலை ஒட்டித் தூவும் மருந்து, தூரைச் சுற்றியுள்ள ஒரு சிறு வளையத்தைத்தான் காக்கிறது. வளையத்திற்கு வெளியே வேரும் இருக்கிறது, புழுவும் இருக்கிறது, அங்கே அது நிம்மதியாக வளர்ந்து வண்டாகி வெளிவருகிறது. மருந்திட்ட பாத்திகளில் வெளிவரும் வண்டுகளின் தொகை நிச்சயமாகக் குறைகிறது என்று சொல்ல முடியவில்லை என்பதை இல்லினாய் ஆராய்ச்சியாளர்கள் 1992-இல் எழுதினார்கள். வேரைக் காப்பது வேறு, பூச்சியை ஒழிப்பது வேறு. "மூணு வருஷம் விடாம போட்டா புழு வம்சமே அத்துப்போவும்" என்று கடையில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு அங்கேயே மறுப்பு இருக்கிறது. ஆல்ட்ரினையும் ஹெப்டாகுளோரையும் ஆண்டுதோறும் கொட்டிய நெப்ராஸ்காவில், 1960-களின் தொடக்கத்திலேயே அவற்றால் சாகாத வண்டுகள் தலையெடுத்துவிட்டன. வம்சம் அற்றது புழுவுக்கல்ல, மருந்துக்கு.

மருந்து மண்ணில் விழுந்தபின் அதற்கு என்ன நேர்கிறது என்பது பற்றியும் நம்மவருக்குக் கவலை குறைவு. மண்ணுக்கடியில் கிடக்கும் புழுவை மருந்து தேடிப் போக வேண்டும். அதற்கு நீரே வாகனம். கார்போஃபியூரான் நீரில் எளிதில் கரையும். செம்மணலில் ஒரு பெருமழை பெய்தால் அது வேரைத் தாண்டிக் கீழே போய்விடும், கிணற்றுக்குக்கூடப் போகலாம். குளோர்பைரிபாஸோ நீரில் கரைய மறுத்து மண் துகளைப் பற்றிக்கொள்வது. போட்ட இடத்திலேயே நிற்கும், புழு அங்கு வந்தால்தான் உண்டு. கொல்லையில் இட்ட நாளுக்கும் புழு ஆணிவேரைக் கடிக்கும் நாளுக்கும் இடையில் வாரங்கள் பல கழிகின்றன. அதற்குள் முன்னது ஓடியிருக்கலாம், பின்னது ஒதுங்கியிருக்கலாம். இதற்கு மேலும் ஒரு விந்தை உண்டு. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, பின்னர் கட்டாக்கில் பெயர் பெற்ற சேதுநாதன், முன்பே டயசினான் இட்டுப் பழகிய வயல்நீரில் அம்மருந்து விரைவாக அழிவதைக் கண்டு, அதைத் தின்று வாழும் நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து 1973-இல் வெளியிட்டார். அமெரிக்க மக்காச்சோளக் கொல்லைகளில் கார்போஃபியூரானுக்கும் இதே கதி நேர்ந்தது. புழுவுக்கு இட்ட விஷம் கிருமிக்கு விருந்தாகும்போது, போன வருஷம் பலித்த மருந்து இந்த வருஷம் பலிக்கும் என்பதற்குப் போன வருஷத்து அனுபவமே எதிர்ச்சாட்சியாக நிற்கிறது.

இனி, புழு இல்லாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை என்னும் வாதம். குருணைக்குக் கொடுத்த பணத்தை நஷ்டமென்று எண்ணாத அளவுக்கு நம் குடியானவர் எப்போது செல்வந்தரானார் என்று எனக்குத் தெரியவில்லை. அதை விடுவோம். போரேட் குருணையை மணலோடு முறத்தில் கொட்டி, வெறுங்கையால் பிசறி, சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு சாலில் தூவிய பெண்களை இந்தப் பக்கத்தில் கண்ணாரக் கண்டவர்கள் அநேகர். உலகச் சுகாதார ஸ்தாபனம் பூச்சிமருந்துகளில் அதிகொடியவை என்று வகுத்த முதல் வரிசையில் அது இருந்தது. 1996-இல் ஆல்ட்ரினும், 1997-இல் பி.எச்.சி. பொடியும் சட்டத்தால் விலக்கப்பட்டன. 2018-இல் பிறந்த உத்தரவின்படி 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போரேட்டின் உபயோகமும் முடிந்தது. இவை ஒவ்வொன்றும் தன் காலத்தில், போட்டுவைத்தால் நஷ்டமில்லை என்று சொல்லித்தான் விற்கப்பட்டன. விதையில் ஏறிய மருந்தை மயிலும் காடையும் பொறுக்கித் தின்று வரப்பில் கிடப்பதை நஷ்டக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை, ஏனெனில் அவற்றுக்குக் கடையில் பற்று வரவு இல்லை.

மருந்தே கூடாது என்பவர்களின் கட்சியில் நான் சேர்ந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். விதைநேர்த்தியாகச் சிறிதளவு இடும் மருந்து, புழு மிகுந்த கொல்லையில் பயிரைக் காப்பது கூடும். காக்கிறது என்று முறையாகக் காட்டினால் முதலில் வாங்குபவன் நானாக இருப்பேன். அதுபோலவே, வேப்பம் பிண்ணாக்கைப் போட்டேன், புழு போயே போய்விட்டது என்று இயற்கை வேளாண்மை மேடைகளில் கண்ணீர் மல்கச் சொல்லும் நண்பர்களிடமும், பக்கத்தில் பிண்ணாக்கு இடாத பாத்தி எங்கே என்று கேட்டு அவர்களுடைய அன்பை இழந்திருக்கிறேன். மெட்டாரைசியப் பொடியை எருவில் கலந்து இட்டால் பலன் உண்டென்று சொல்வோருக்கும், கோயம்புத்தூரில் கண்டெடுத்து 1992-இல் பெயரிட்ட ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிக்கா என்னும் நுண்புழுவை விற்போருக்கும் அதே கேள்விதான். துலாக்கோல் விஷத்திற்கு ஒன்று, வேம்புக்கு ஒன்று என்று இரண்டு கிடையாது. வாடிய செடியையெல்லாம் வேர்ப்புழுவின் தலையில் கட்டுவதும் இரு கட்சியாருக்கும் பொது. கழுத்தழுகலும் தண்டழுகலும் கறையானும் அதே போலச் செடியைச் சாய்க்கும், இழுத்து வேரைப் பார்த்தால்தான் தெரியும்.

எதிர்க்கட்சியாரின் வாதங்களில் மதிப்புக்குரியது ஒன்றுண்டு: ஏழையின் கொல்லையில் ஒரு பகுதியை மருந்தின்றி விடச் சொல்வது அவன் சோற்றில் கைவைப்பதாகாதா என்பது. கணக்குப் பார்ப்போம். ஒரு ஏக்கர் நூறு சென்ட். மரத்தடியில் ஒரு ஜோடி, அதற்கு அப்பால் ஒன்று, நடுவில் ஒன்று, மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று, அருகருகே ஒத்த நிலமாக ஐந்து ஜோடிச் சென்ட்டுகளை முளையடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஜோடியிலும் எதற்கு மருந்து என்பதைக் காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும். ஆக மருந்தில்லாமல் நிற்பது நூற்றில் ஐந்து சென்ட். அறுவடையில் ஓரச் சால்களை விட்டு, பத்துப் பாத்திகளின் காயையும் தனித்தனியே காயவைத்து நிறுக்க வேண்டும். மருந்தில் ஒன்றும் இல்லையென்றால், ஐந்து ஜோடியிலும் மருந்திட்ட பாத்தியே வெல்வது ஐந்து தடவை தொடர்ந்து தலை விழுவதற்குச் சமானம். அது முப்பத்திரண்டில் ஒரு முறைதான் நேரும். ஐந்திலும் வென்றால் மருந்தை நம்பலாம். அதோடு, கூடுதலாக விளைந்த காயின் விலை மருந்தின் விலையைத் தாண்டியதா என்றும் அதே தராசு சொல்லிவிடும். இரண்டில் வென்று மூன்றில் தோற்றால் அடுத்த வருஷம் கடைக்குப் போகாமலிருக்க ஒரு நியாயம் கிடைக்கும். மருந்து உண்மையிலேயே நல்லதாயிருந்தால் அவன் இழப்பது ஐந்து சென்ட்டின் விளைச்சலில் ஒரு பங்கு. மருந்து வீணானதாயிருந்தால் அவன் இழந்துகொண்டிருப்பது வருஷந்தோறும் நூறு சென்ட்டின் மருந்துச் செலவு. எது சோற்றில் கைவைப்பது? ராதம்ஸ்டெட் கணிதம் இதைவிட நுட்பமானதுதான். ஆனால் தராசும் காசும் இருக்கிறவனுக்கு இவ்வளவு போதும்.

செயல்விளக்கத் திடலில் என்னிடம் கணக்கு கேட்ட பெரியவரிடமே இதைச் சொன்னேன். ஒரு வருஷம் சிரித்துக்கொண்டிருந்தார். மறு வருஷம், மழை பெய்த மறுநாள் ஆளனுப்பினார். கொல்லைக்குப் போய், அவரும் அவர் பேரனும் நானுமாகக் கயிறு பிடித்து முளையடித்தோம். முதல் நான்கு ஜோடிக்கும் அவரே காசைச் சுண்டினார். தலை விழுந்தால் கிழக்குப் பாத்திக்கு மருந்து, பூ விழுந்தால் மேற்குக்கு. ஐந்தாவது, கிணற்றை ஒட்டிய மேட்டு ஜோடி. பூ விழுந்தது. கிழக்குப் பாத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இந்தக் கெழக்குச் சென்ட்டு நல்லா காய்க்குங்க சார், எங்கப்பா காலத்துல எருக்குழி இருந்த எடம். மருந்து இல்லாம வுட்டா மனசு கேக்கல. இது ஒண்ணு மட்டும் மாத்திக்கலாமா?"

"மாத்தக் கூடாதுங்க, ஐயா. அதுக்குத்தான் காசு."

பேரன் சிரித்தான். பெரியவர் காசை மடியில் முடிந்துகொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பியபடி மருந்தில்லாப் பாத்தியின் முளையைக் கிழக்கே அடித்தார்.